கிறிஸ்மஸ் ராத்திரிக்கு ஒரு சீஸ் உருண்டை

எங்கள் அப்பா பங்களாவில் அப்புவாக இருந்தவர். இலங்கை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன்: தோட்டத்துத் துரை பங்களாவில் சமைப்பவரை எங்கள் பக்கம் அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்குக் குசினி வேலையைப் பழக்கியது தாத்தா. தாத்தாவுக்குப் பழக்கியது ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு துரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள், டிசம்பர் பார்ட்டி மட்டும் மாறவில்லை. அந்தப் பார்ட்டியில் கிளாஸோடு முதலில் வெளியே போகிற தட்டு சீஸ் உருண்டைதான். அப்பா அதைக் கடைசிவரை 'சீஸ் போல்' என்றே சொன்னார்.

மிச்சம் மீந்தது பட்டர் பேப்பரில் சுற்றி லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வரும். நாங்கள் ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு. அந்த நகக்கண் அளவுதான் இன்றைக்கு இதை எழுத வைக்கிறது.

இப்போது தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். நடுச்சாமப் பூசை முடிந்து கோயிலில் இருந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருபது பேராவது எங்கள் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், உட்காருவார்கள். கேக் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காரமாக, உப்பாக, பிளேன்டீக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டும். அதற்குத்தான் இந்த உருண்டை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பண்டத்தில் சமையல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பாலில் இருந்தும், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸில் இருந்தும், கடைசியில் பிஸ்கட்டில் இருந்தும் தண்ணீரை விரட்டுவதுதான் முழு வேலை. மூடுபனிக்குள் வாழ்கிறவர்களுக்கு இது லேசான காரியம் இல்லை.

இருபது பேர் கொறிப்பதற்கு நான் எடுக்கும் அளவு இது. பசும்பால் 2 போத்தல், அதாவது ஒன்றரை லீற்றர். எலுமிச்சம்பழச் சாறு 3 மேசைக்கரண்டி, கூடவே இன்னொரு பழம் கைவசம். கடையில் வாங்கும் கட்டிச் சீஸ் 150 கிராம். உப்பில்லாத பட்டர் 50 கிராம். லீக்ஸின் பச்சைப் பகுதி பொடியாக அரிந்து கால் கோப்பை. பூண்டு 2 பல், பச்சை மிளகாய் 1, மிளகு ஒரு தேக்கரண்டி. மேலே ஒட்ட முந்திரி 80 கிராம், கறிவேப்பிலை இரண்டு கொத்து, இடித்த மிளகாய் அரைத் தேக்கரண்டி. தொட்டுச் சாப்பிடக் கிரீம் கிரேக்கர் இரண்டு பக்கெட்.

டவுனில் கிரீம் சீஸ் டப்பா கிடைக்கிறது, அதை வாங்கினால் பாதி வேலை மிச்சம். விலையைப் பார்த்துவிட்டு நான் திரும்ப வைத்துவிடுவேன். அதோடு, எங்கள் லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி இருக்கிறது. காலையில் கறந்த பால் சூட்டோடு வீட்டுக்கு வருகிறபோது டப்பாவுக்கு எதற்குக் காசு? பால் பண்ணை உள்ள அம்பேவலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

23ஆம் தேதி காலையில் பாலை அடுப்பில் வையுங்கள். அடி கனமான சட்டியாக இருக்கட்டும், கிண்டிக்கொண்டே இருங்கள். எங்கள் உயரத்தில் கொதிப்பு சீக்கிரம் வந்துவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். பருப்பு வேக அதனால் நேரம் எடுக்கும், ஆனால் பால் திரிவதற்கு அந்தச் சூடு தாராளம். பொங்கி வரும்போது இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். ஊற்றும்போது கரண்டியை மெதுவாக ஒரே பக்கமாக ஓட்டினால் போதும். அடித்துக் கலக்கினால் கட்டி உடைந்து தூளாகி, துணியில் பாதிதான் தங்கும்.

பால் திரிந்ததற்கு அடையாளம் வெள்ளைக் கட்டி இல்லை, தண்ணீர்தான். கட்டியைச் சுற்றி நிற்கும் தண்ணீர் இளம்பச்சை கலந்த மஞ்சளில், அடி தெரிகிற மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். இன்னும் பால் நிறத்திலேயே இருந்தால் கைவசம் வைத்த பழத்தில் பாதியைப் பிழியுங்கள். தெளிந்த பிறகு ஒரு சொட்டும் விடாதீர்கள், புளித்துப்போகும். வினாகிரியிலும் செய்யலாம். ஆனால் அந்த வாடை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பால்மாவைக் கரைத்தும் ஒருமுறை செய்து பார்த்தேன். கட்டி பொடிப்பொடியாக வந்து துணிக்குள்ளால் ஓடிவிட்டது. பசும்பால் கிடைக்காத ஆட்கள் கிரீம் சீஸ் டப்பாவுக்கே போய்விடுவது நல்லது.

ஒரு பழைய வேட்டித் துணியை நன்றாகச் சுடுதண்ணீரில் அலசி, வடிதட்டில் விரித்து ஊற்றுங்கள். கீழே சட்டி இருக்கட்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கோதுமை மாவை அதில் பிசைந்து சுடுகிற ரொட்டி அடுத்த நாள்கூட மெத்தென்று இருக்கும். துணியில் உள்ள கட்டிமேல் ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, புளிப்பைக் கழுவிவிட்டு, மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இனிமேல்தான் பொறுமை. நான் முதல்முதலாகத் தனியாகச் செய்த வருடம் அப்பா உயிரோடு இல்லை. முக்கால் மணி நேரம் தொங்கவிட்டேன், சொட்டுவது நின்றுவிட்டது, சரி போதும் என்று எடுத்து எல்லாவற்றையும் கலந்து, அழகாக உருட்டி, தட்டில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உருண்டையைக் காணவில்லை. தட்டு முழுக்கப் பரவி, ஓரத்தில் தண்ணீர் கட்டி, நடுவில் உச்சியில் குத்திவைத்த பழுத்த மிளகாய் மிதந்துகொண்டிருந்தது. சித்தி ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு எல்லோரும் அள்ளித்தான் சாப்பிட்டார்கள்.

சொட்டு நிற்பது கணக்கே இல்லை. இரண்டு மணி நேரம் தொங்க வேண்டும். பிறகு மூட்டையை அவிழ்க்காமல் ஒரு தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டு, அதன் மேல் கனம். அப்பா அம்மிக் குழவியைத்தான் வைப்பார், நானும் அதையே வைக்கிறேன். இன்னும் ஒரு மணி நேரம். தட்டைச் சரித்துப் பார்த்தால் மறுபடி தண்ணீர் இறங்கியிருக்கும், அதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். கடைசிப் பரீட்சை இது: ஒரு துண்டைக் கிள்ளி சுத்தமான வெள்ளைக் கடுதாசியில் வைத்து விரலால் அழுத்தி எடுங்கள். ஈரம் பதிந்து கடுதாசி நனைந்தால் குழவியைத் திரும்ப வையுங்கள். லேசான எண்ணெய்த் தடம் மட்டும் இருந்தால் எடுக்கலாம். ஒன்றரை லீற்றரில் இருந்து கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். பாலின் கொழுப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

இப்போது கையில் இருப்பது மொரமொரவென்று மணல் மாதிரி. இப்படியே கலந்தால் நாக்கில் மணல்தான். அதை ஒரு பலகையில் போட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளித் தேய்த்து, கூட்டி, மறுபடி தேய்க்க வேண்டும். பத்து நிமிடம். கையில் கொழுப்பு மினுமினுக்கத் தொடங்கும், கட்டி எல்லாம் சேர்ந்து மெழுகு மாதிரி ஆகும். அப்பா அம்மியில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மிக்சியில் போடுகிறவர்கள் தண்ணீர் விடாமல், விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பட்டர் இதற்குள் இளகியிருக்க வேண்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இங்கே டிசம்பரில் மேசைமேல் வைத்த பட்டர் கல்லாகத்தான் இருக்கும். காலையிலேயே கிண்ணத்தில் வெட்டிப் போட்டு, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். உருகிவிடக் கூடாது. உருகின பட்டர் குளிர்ந்ததும் தனியாகக் கட்டிபட்டு, உருண்டைக்குள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், அதுதான் பதம்.

லீக்ஸை நன்றாகக் கழுவுங்கள், இலை இடுக்கில் மண் ஒளிந்திருக்கும். பச்சைப் பகுதியைப் பொடியாக அரிந்து, பூண்டையும் நசுக்கிப் போட்டு, ஒரு தேக்கரண்டி பட்டரில் மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். சத்தம் அடங்கும்வரை வதக்க வேண்டும். சத்தம் போடுவது தண்ணீர். அடங்கினால் போய்விட்டது என்று அர்த்தம். பூண்டைப் பச்சையாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் அந்த உருண்டையில் பூண்டைத் தவிர வேறு ருசி இருக்காது. வதக்கியது முழுக்க ஆறட்டும். பச்சை மிளகாயை விதை எடுத்து அரிந்துகொள்ளுங்கள். மிளகு மாத்தளைப் பக்கத்தில் இருந்து வருவதாக இருந்தால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி ஒன்றிரண்டாக இடியுங்கள், மாவாக்க வேண்டாம்.

கட்டிச் சீஸைத் துருவுங்கள். செடார் என்றால் அழுத்தமான ருசி, கௌடா என்றால் சற்று இனிப்பு. இரண்டில் எதுவும் சரி. முக்கோணமாக வெள்ளித் தாளில் சுற்றி வரும் சீஸ்தான் கடையில் இருக்கிறது என்றால் அதையும் போடலாம், பிசைவதற்கு இன்னும் சுலபம். ஆனால் அதில் சீஸ் ருசி குறைவு, உப்பு கூட. அப்பா பார்த்தால் முகத்தைச் சுளிப்பார். நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிசைந்த பால்கட்டி, பட்டர், துருவிய சீஸ், வதக்கியது, மிளகாய், மிளகு, ஒரு எலுமிச்சையின் மேல்தோலைத் துருவிய துருவல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கையாலேயே பிசையுங்கள். உப்பு இன்னும் போடவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடைச் சீஸில் உப்பு இருக்கிறது, கிரீம் கிரேக்கரில் உப்பு இருக்கிறது. பிசைந்து முடித்து, ஒரு துணுக்கைப் பிஸ்கட்மேல் வைத்து, பிஸ்கட்டோடு சேர்த்து ருசி பாருங்கள். வெறும் வாயில் சாப்பிட்டுப் பார்த்து உப்புப் போட்டால் கட்டாயம் கூடிவிடும். எனக்குப் பெரும்பாலும் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஒரு கோப்பைக்குள் பட்டர் பேப்பரை விரித்து, கலவையைப் போட்டு அழுத்தி, பேப்பரை முறுக்கி மூடி, பிரிஜ்ஜில் வையுங்கள். ஒரு இரவு இருந்தால் மிளகும் லீக்ஸும் உள்ளே இறங்கும். பிசைந்த கையோடு சாப்பிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், மறுநாள் ஒரே ருசியாகச் சேர்ந்திருக்கும். பிரிஜ் இல்லாத வீட்டில் 23ஆம் தேதி செய்யாதீர்கள். 24 காலையில் பால் திரித்து, சாயந்தரம் பிசைந்து, அன்றிரவே முடித்துவிடுங்கள். எங்கள் குளிரை நம்பிப் பால் பண்டத்தை இரண்டு நாள் வெளியில் வைக்க முடியாது.

முந்திரியை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஆறின பிறகு கத்தியால் கொத்துங்கள். உரலில் இடித்தால் எண்ணெய் விட்டுப் பிசுபிசுக்கும். கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்தி, எண்ணெயில் பொரித்து எடுத்தால் கையில் நொறுங்கும். இரண்டையும் இடித்த மிளகாயோடு கலந்து ஒரு தட்டில் பரப்புங்கள். பச்சையும் சிவப்பும் சேர்ந்து கிறிஸ்மஸ் நிறம் தானாக வந்துவிடும். பால்மாவுக்கே வரிசையில் நின்ற 2022ஆம் வருடக் கிறிஸ்மஸுக்கு முந்திரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கச்சானை, அதாவது நிலக்கடலையை, வறுத்துத் தோல் ஊதிப் போட்டேன். உண்மையைச் சொன்னால், காரத்தோடு கச்சான்தான் இன்னும் பொருத்தம். இப்போதும் பாதிக்குப் பாதி கலக்கிறேன்.

இந்தத் தூளை எப்போது ஒட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் நாளே ஒட்டி அழகு பார்க்கக் கூடாது. பிரிஜ் ஈரத்தில் முந்திரி நமத்துவிடும், கறிவேப்பிலை கறுத்துவிடும். பூசைக்குப் புறப்படும்போதும் உருண்டை உள்ளேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் வெளியே எடுத்து, பேப்பரைப் பிரித்து, கையால் உருட்டி வடிவம் திருத்தி, தட்டில் புரட்டி எடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிளேன்டீ கொதித்து, எல்லோரும் சால்வையை மடித்து உட்காருவதற்குள் உருண்டை கத்தி இறங்குகிற பதத்துக்கு வந்திருக்கும். அப்பா உச்சியில் கரட்டை நட்சத்திரமாகச் செதுக்கி வைப்பார், கூடவே இரண்டு செலரி இலை. எனக்கு அந்தக் கைவேலை வராது. ஒரு பழுத்த மிளகாயைக் குத்திவிடுவேன்.

முதல் தடவை இதைப் பார்த்த பக்கத்து லயத்து மதினி, "என்ன இது, மார்கழிக்குப் புடிச்சு வச்ச புள்ளையார் மாதிரி இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்குப் 'புள்ளையார்' என்றுதான் பெயர்.

மதினி வீட்டை வைத்துத்தான் இன்னொரு விஷயமும் கற்றுக்கொண்டேன். கிறிஸ்மஸ் வருவது மார்கழியில். கோயில் பஜனைக்கு விடியற்காலையில் போகிறவர்கள், மாதம் முழுக்க மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள், எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். முட்டை போட்ட கேக்கை அவர்களுக்கு நீட்ட முடியாது. இந்த உருண்டையில் முட்டை இல்லை. ஆனால் கட்டிச் சீஸில் ஒரு சிக்கல் உண்டு. பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரெனட் சில சீஸில் சேர்த்திருப்பார்கள். மரக்கறிக்காரருக்கு ஏற்றது என்று சுற்றுத்தாளில் போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சந்தேகம் என்றால் அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன உருண்டை செய்கிறேன். நாம் எலுமிச்சையால் திரித்த கட்டியில் அந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு போத்தல் பால், 25 கிராம் பட்டர், மிளகு, பச்சை மிளகாய், உப்பு மட்டும். பூண்டும் லீக்ஸும் கிடையாது. கடைச் சீஸ் இல்லாததால் இதில் உப்பைத் தயங்காமல் போடலாம். இதற்கு மேலே வறுத்த எள்ளு. தட்டையும் கத்தியையும் தனியாக வைத்துவிடுவேன், கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரக் கூடாது.

பிஸ்கட்டை மறந்துவிட்டேன். கிரீம் கிரேக்கர் பக்கெட்டை முன்கூட்டியே பிரித்துத் தட்டில் அடுக்காதீர்கள். கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருகிற ஊரில், கால் மணி நேரத்தில் பிஸ்கட் துணி மாதிரி ஆகிவிடும். நமத்துவிட்டால் கவலை இல்லை, வெறும் தோசைக்கல்லில் மெல்லிய சூட்டில் இரண்டு பக்கமும் வைத்து எடுங்கள், ஆறினதும் மொறுமொறுக்கும். முறுக்கும் நல்ல துணைதான். பிள்ளைகளுக்குக் கலவையில் கொஞ்சத்தை நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்குத் துண்டைச் செருகிக் கொடுத்துவிட்டால் பெரிய உருண்டைப் பக்கம் கை நீளாது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். மிச்சத்தைப் புதிய பேப்பரில் சுற்றிப் பிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஆனால் எங்கள் வீட்டில் 26ஆம் தேதி காலையைத் தாண்டாது. அன்றைக்குப் பால் தண்ணீரில் பிசைந்து வைத்த மாவை ரொட்டியாகத் தட்டி, நடுவில் இந்த மிச்சத்தை வைத்து மூடி, கல்லில் போடுவேன். உள்ளே சீஸ் இளகி, ஓரத்தால் கசிந்து, கல்லில் பட்டுச் சிவந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிவந்த ஓரத்தைக் கரண்டியால் சுரண்டி எடுக்கத்தான் என் மகனும் அவன் அப்பாவும் அடுப்படியில் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள்.